சுருள் முடியை நிமிர்த்திய மார்கன்

சூட்டோடு போராடிய ஒரு தையல் மிஷின்காரரின் கதை

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் ஒரு காலத்தில் ஒரு சோதனை நடந்து வந்தது. அதற்குக் கைமுக்கு என்று பெயர்.

குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கோவிலுக்கு அழைத்து வருவார்கள். அங்கே நெய் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் அதற்குள் கையை விட வேண்டும். கை வெந்து புண்ணானால் அவர் குற்றவாளி. புண் இல்லாவிட்டால் நிரபராதி.

19-ம் நூற்றாண்டில், திருவிதாங்கூரை சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில் இந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. நல்ல காரியம். கொதிக்கும் நெய்க்கு நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தெரியாது. தொட்டதைச் சுடும். அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இன்று அதே ஊரில் வேறொரு சூடு வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதன் பெயர் ஸ்டிரைட்னர். இடுக்கி போன்ற கருவி. இரண்டு பக்கமும் மின்சாரத்தால் சூடாகும் தகடுகள். நடுவே முடியை வைத்து இழுத்தால் சுருள் நிமிர்ந்துவிடும்.

மார்கழித் தேரோட்டம் வரும். கல்யாண மாதங்கள் வரும். பெண்கள் முன்கூட்டியே நாகர்கோவிலுக்குப் போய், பார்லரில் மருந்து போட்டு முடியை நிமிர்த்திக்கொள்கிறார்கள். அது போதாதென்று, விசேஷத்தன்று காலையில் வீட்டிலும் ஸ்டிரைட்னர் வைத்து இழுக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து, தோவாளைப் பிச்சிப்பூவைத் தலையில் வைக்கப் போனால், முடி துண்டு துண்டாக ஒடிந்து கையோடு வருகிறது.

ஆச்சிமார் கண் திருஷ்டி என்பார்கள். திருஷ்டி அல்ல. மருந்தும் சூடும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்ததன் பலன் அது.

முடியை மருந்தால் நிமிர்த்தலாம் என்று கண்டு, அதை டப்பாவில் அடைத்து விற்ற முன்னோடி ஒருவர் உண்டு. அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பர். தையல் மிஷின் பழுது பார்த்தவர். பெயர் காரெட் மார்கன். வேடிக்கை என்னவென்றால், அவர் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டது அழகுக்காக அல்ல. ஆபத்திலிருந்து மனிதரைக் காப்பதற்காக. அவர் கதையைத் தெரிந்துகொண்டால், முடியைக் காப்பாற்றும் வழியும் தெரிந்துவிடும்.

அடிமைகளின் மகன்

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம். அங்கே 1877-ம் வருஷம் மார்ச் 4-ந் தேதி மார்கன் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல்தான் ஒழிந்தது. விடுதலை கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை. பணம் கிடைக்கவில்லை.

வீட்டில் 11 பிள்ளைகள். மார்கன் ஏழாவது பிள்ளை. ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. பதினான்கு, பதினைந்து வயதிலேயே வேலை தேடி ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்.

சின்சினாட்டி என்ற நகரத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் எடுபிடி வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். அதில் ஒரு பங்கை எடுத்து ஒரு வாத்தியாரை அமர்த்திக்கொண்டார். இலக்கணம் கற்றார். பிழையில்லாமல் எழுதவும் பேசவும் கற்றார். பள்ளிக்கூடம் கைவிட்ட பையன், தன் கூலியில் தனக்கே பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டான்.

1895-ல் கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்தார். அது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. அங்கே ஒரு துணி ஆலையில் சேர்ந்தார். முதலில் தரையைப் பெருக்கினார். பிறகு தையல் மிஷின்களைப் பழுது பார்த்தார். மிஷின் எப்படி ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

1907-ல் சொந்தமாகத் தையல் மிஷின் கடை வைத்தார். 1908-ல் மேரி ஆன் என்ற பெண்ணை மணந்தார். அவர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தையல்காரி. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பது அன்று பலருக்குப் பிடிக்காத செயல். இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசி வரை ஒன்றாக வாழ்ந்தார்கள். மூன்று மகன்கள் பிறந்தார்கள். 1909-ல் தம்பதிகள் ஒரு துணிக்கடை திறந்தார்கள். கோட்டும் கவுனும் தைத்து விற்றார்கள்.

ஊசியின் சூடு

கடையில் ஒரு தொல்லை இருந்தது. தையல் மிஷின் வேகமாக ஓடும்போது, துணியில் உரசி உரசி ஊசி சூடாகிவிடும். அந்தச் சூட்டில் கம்பளித் துணி கருகும். நூல் பொசுங்கும். நல்ல துணி பாழாகும்.

ஊசி வழுக்கிக்கொண்டு ஓடினால் சூடு ஏறாது அல்லவா? அதற்காக மார்கன் ஒரு திரவம் தயார் செய்யப் பார்த்தார். பல சரக்குகளைக் கலந்தார். சோதித்தார். மறுபடியும் கலந்தார்.

ஒரு நாள் வேலை செய்துகொண்டிருந்தபோது சாப்பிட அழைப்பு வந்தது. கையில் ஒட்டியிருந்த திரவத்தைப் பக்கத்தில் கிடந்த ஒரு துணியில் துடைத்துவிட்டுப் போனார். அது ரோமம் உள்ள துணி. திரும்பி வந்து பார்த்தார். சுருண்டு கிடந்த ரோமம் நேராக நிமிர்ந்திருந்தது. அவர் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது.

வேறொருவராக இருந்தால் துணியை உதறிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். மார்கன் யோசித்தார். ஆட்டு ரோமம் நிமிர்ந்தால், நாயின் ரோமம்? நாயின் ரோமம் நிமிர்ந்தால், மனிதன் முடி?

பக்கத்து வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஏர்டேல் என்ற ஜாதி. உடம்பெல்லாம் சுருட்டை. அதன் மேல் கொஞ்சம் தடவினார். சுருட்டை நிமிர்ந்தது. அடுத்து யார் தலையில் தடவினார் தெரியுமா? தம்முடைய தலையில்தான். அதுவும் முதலில் கொஞ்சம் முடியில் மட்டும். தீங்கு இல்லை என்று கண்ட பிறகே தலை முழுவதும் பூசினார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. மருந்தை உண்டாக்கியவரே அதை ஒரேயடியாகத் தலையில் கொட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் பூசினார். காத்திருந்தார். பார்த்தார். பிறகே அடுத்த அடி வைத்தார். இன்று பார்லருக்குப் போகிறவர்களும் அதைத்தான் கேட்க வேண்டும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தோலில் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பின்னந்தலையில் ஒரு கொத்து முடியில் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். எரிச்சலும் தடிப்பும் இல்லை, முடி ஒடியவில்லை என்று தெரிந்தால் மேலே போகலாம். தலையில் சொறிந்த புண் இருந்தால் அது ஆறும் வரை மருந்தே கூடாது.

1913-ல் மார்கன் முடி நிமிர்த்தும் கிரீம் விற்க ஒரு கம்பெனி தொடங்கினார். முடிக்குக் கறுப்புச் சாயமும் விற்றார். வளைந்த பற்கள் உள்ள ஒரு சீப்பும் செய்தார். பணம் வந்தது. கிளீவ்லாந்தில் மோட்டார் கார் வாங்கிய முதல் கறுப்பர்களில் அவரும் ஒருவர்.

ஏன் அத்தனை பேர் வாங்கினார்கள்?

அந்தக் கிரீமை வாங்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்கள் முடி இயற்கையிலேயே நெருங்கிச் சுருண்டது. அதில் ஒரு குறையும் இல்லை. வெயில் கொளுத்தும் ஆப்பிரிக்காவில் தலையைக் காக்க இயற்கை கொடுத்த குடை அது.

ஆனால் வெள்ளையர் ஆண்ட சமூகம் அந்த முடியைக் கேலி செய்தது. நேரான முடிதான் நாகரிகம் என்று சொன்னது. வேலை தேடிப் போகிறவர்கள் முடியை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி, அதைக் கொண்டு தலை வாருவது வழக்கமாக இருந்தது. காதும் கழுத்தும் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். அதே காலத்தில் மேடம் சி. ஜே. வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி, முடிக்கான தைலமும் சீப்பும் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தார். அவர் முன்பு துணி துவைத்துப் பிழைத்தவர்.

நம் ஊரிலும் இந்தக் கேலி இல்லாமல் இல்லை. சுருட்டை முடிப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே பட்டப்பெயர் வைத்து அழைக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு முன் முடியை இழுத்து வாரச் சொல்கிறார்கள். அப்படி வளர்ந்த பெண் பார்லர் கதவைத் தட்டுவதில் ஆச்சரியம் என்ன? ஆசைப்பட்டு நிமிர்த்துவது வேறு. வெட்கப்பட்டு நிமிர்த்துவது வேறு.

முடிக்குள் ஓர் ஏணி

மருந்தும் சூடும் முடியை என்ன செய்கின்றன?

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். ஆட்டு ரோமமும் அதுதான். நாயின் ரோமமும் அதுதான். நம் நகமும் அதுதான். அதனால்தான் மார்கனின் திரவம் துணியிலும் வேலை செய்தது, தலையிலும் வேலை செய்தது.

ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீண்ட கம்புகள். நடுவே குறுக்குப் படிகள். முடியின் உள்ளேயும் இப்படித்தான் புரத இழைகளைக் குறுக்குக் கட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அந்தக் கட்டுகளில் இரண்டு வகை முக்கியமானவை.

ஒன்று, மெல்லிய கட்டு. தண்ணீர் பட்டால் அவிழும். காய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். ஸ்டிரைட்னர் செய்வது இந்தக் கட்டை மாற்றுவதுதான். அதனால்தான் தலை குளித்ததும் சுருட்டை திரும்பி வந்துவிடுகிறது.

மற்றொன்று, கந்தகக் கட்டு. உறுதியானது. முடி பொசுங்கும்போது ஒரு நாற்றம் வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்தக் கந்தகம். தண்ணீரால் இதை அவிழ்க்க முடியாது. பார்லர் மருந்து இதைத்தான் உடைக்கிறது. உடைத்து, முடியை நேராக வைத்து, புதிதாகக் கட்டுகிறது. எல்லாக் கட்டுகளும் பழையபடி சேர்வதில்லை. சில போனது போனதுதான்.

ஆக, மருந்து போட்ட முடி என்பது சில படிகள் போன ஏணி. பார்வைக்கு நேராகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஏறினால் ஆடும். அதன் மேல் 200 டிகிரி சூட்டை வைத்தால் என்ன ஆகும்? மிச்சமுள்ள படிகளும் கருகும். முடி நடுவில் ஒடியும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. கையில் காயம் பட்டால் ஆறும். முடியில் காயம் பட்டால் ஆறாது. எந்தத் தைலமும் அதை மேலே மூடுமே தவிர, பழையபடி ஆக்காது. புது முடி வளர்ந்துதான் ஈடு செய்ய வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பளவு முடியைத் தொலைத்தால் திரும்பப் பெறப் பல வருஷங்கள் ஆகும்.

புகைக்குள் போனவர்

கிரீம் விற்ற பணத்தை மார்கன் சும்மா வைத்திருக்கவில்லை. புதிய கண்டுபிடிப்புகளில் போட்டார்.

1911-ல் நியூயார்க் நகரத்தில் ஒரு துணித் தொழிற்சாலை தீப்பிடித்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் தையல்காரிகள். தையல் தொழிலில் இருந்த எல்லோரையும் உலுக்கிய விபத்து அது.

மார்கன் புகையைப் பற்றி யோசித்தார். சூடான புகை மேலே ஏறும். தரையை ஒட்டினாற்போல் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். அதை எடுத்துச் சுவாசித்தால் பிழைக்கலாம். தலையை மூடும் ஒரு முகமூடி செய்தார். அதிலிருந்து நீண்ட குழாய்களைத் தரை வரை தொங்கவிட்டார். குழாயின் முனையில் ஈரப் பஞ்சு வைத்தார். அது காற்றை வடிகட்டிக் குளிர வைத்தது. 1914-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

முகமூடி நன்றாக வேலை செய்தது. ஆனால் கறுப்பர் செய்த பொருள் என்றால் தென் மாநிலங்களில் பலர் வாங்க மாட்டார்கள். மார்கன் ஒரு தந்திரம் செய்தார். ஒரு வெள்ளைக்கார நடிகரைக் கண்டுபிடிப்பாளராக நிற்க வைத்தார். தாம் அமெரிக்கப் பழங்குடி வேஷம் போட்டுக்கொண்டார். கூடாரத்துக்குள் தாரையும் கந்தகத்தையும் எரித்துப் புகை மூட்டுவார்கள். முகமூடியோடு மார்கன் உள்ளே போவார். சுமார் 20 நிமிஷம் கழித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். கூட்டம் கை தட்டும். கை தட்டியவர்களுக்கு உண்மையான கண்டுபிடிப்பாளர் யார் என்று தெரியாது.

ஊரார் முடியை மாற்றிக்கொள்ள வழி காட்டிய மனிதர், தம் சரக்கை விற்கத் தம் முகத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

இன்றும் முடி நிமிர்த்தும் இடத்தில் புகை உண்டு. சில வகைச் சிகிச்சை மருந்துகளைத் தடவி, மேலே சூடான தகட்டை வைத்தால் பார்மால்டிஹைடு என்ற வாயு வெளியே வரும். கண் எரியும். தொண்டை கரகரக்கும். அந்த வாயு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி மையம் அறிவித்திருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருஷங்கள் கவனித்து வந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. வருஷத்துக்கு 4 தடவைக்கு மேல் முடி நிமிர்த்தும் மருந்து போட்டவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அது முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் அடிக்கடி போடுவது நல்லதல்ல என்பதற்கு இந்த எச்சரிக்கை போதும். போடும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கண் எரிந்தால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

ஏரிக்கு அடியில்

1916 ஜூலை 24-ந் தேதி இரவு. கிளீவ்லாந்தில் ஈரி ஏரிக்கு அடியில் குடிநீருக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று உள்ளே வாயு வெடித்தது. தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். காப்பாற்றப் போனவர்களிலும் பலர் விஷப்புகையில் விழுந்தார்கள்.

விடிவதற்கு முன் யாரோ மார்கனை நினைத்துக்கொண்டார்கள். ஆள் அனுப்பினார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த மார்கன், இரவு உடையோடு தம்முடைய சகோதரர் பிராங்கையும் முகமூடிகளையும் கூட்டிக்கொண்டு ஓடினார். முகமூடியை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினார். இரண்டு பேரை உயிரோடு மீட்டார். இறந்தவர்களின் உடல்களையும் வெளியே கொண்டுவந்தார்.

நகரம் வீரர்களைப் பாராட்டியது. பதக்கம் வேறு சிலருக்குப் போனது. மார்கனின் பெயர் ஒதுக்கப்பட்டது. அது மட்டுமல்ல. முகமூடி செய்தவர் கறுப்பர் என்று செய்தி பரவியதும், சில ஊர்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டன. உயிரைக் காக்கும் கருவியைக்கூட நிறம் பார்த்துத் தள்ளினார்கள்.

மார்கன் மனம் நொந்தார். ஓயவில்லை. கறுப்பின மக்களின் குறைகளை எழுத 1920-ல் கிளீவ்லாந்து கால் என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

நடுவில் ஒரு நிறுத்தம்

அந்தக் காலத்தில் தெருக்களில் குதிரை வண்டி, மோட்டார் கார், சைக்கிள், நடப்பவர்கள் எல்லாம் ஒன்றாகப் போவார்கள். ஒரு நாற்சந்தியில் மோட்டாரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டதை மார்கன் பார்த்தார் என்று சொல்வார்கள்.

போக்குவரத்துச் சைகைக் கம்பங்கள் அவருக்கு முன்பே இருந்தன. ஆனால் பல கம்பங்கள் இரண்டே சைகை காட்டின. நில். போ. ஒரு பக்கம் நில் என்று மாறிய நொடியே மறு பக்கம் போ என்று மாறும். பாதி வழியில் இருக்கும் வண்டி என்ன செய்யும்? மோதும்.

மார்கன் செய்த கம்பத்தில் மூன்றாவது நிலை ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு மறு பக்கத்தைத் திறப்பதற்கு முன், எல்லாப் பக்கமும் கொஞ்ச நேரம் நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட வண்டி கடந்து போய்விடும். நடப்பவர்களும் தெருவைத் தாண்டிவிடுவார்கள். 1923 நவம்பர் 20-ந் தேதி இதற்குக் காப்புரிமை கிடைத்தது. உரிமையை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 40,000 டாலருக்கு வாங்கியது.

இன்று சிக்னலில் மஞ்சள் விளக்கு செய்யும் வேலையை அன்று அந்த மூன்றாவது நிலை செய்தது. அதில் மின்சார வித்தை எதுவும் இல்லை. கையால் சுற்றும் கம்பம். அதன் உயிர் ஒரே எண்ணத்தில் இருந்தது. இரண்டு வேகங்களுக்கு நடுவே ஒரு நிறுத்தம் வேண்டும்.

முடிக்கும் ஒரு நிறுத்தம்

மருந்து ஒரு வேகம். சூடு ஒரு வேகம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியின் மேல் வந்தால் மோதல்தான். நடுவே நிறுத்தம் வேண்டும்.

பார்லரில் மருந்தோடு சேர்த்து முறைப்படி சூடு வைப்பது உண்டு. அது அந்தச் சிகிச்சையின் பகுதி. வீட்டுக்கு வந்த பிறகு நாமாக மறுபடி வைப்பது வேறு. குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், ஸ்டிரைட்னரைத் தொடாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

சூடு வைக்கும் நாளில் முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பார்கள். சுர் என்று ஆவியாகும். ஈர முடியில் தகட்டை வைத்தாலும் அதே சுர்தான். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குமிழி விடும். குமிழி வெடித்த இடத்தில் முடி ஒடியும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

எண்ணெய் தலையிலும் வைக்கக்கூடாது. செக்குத் தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். தலைத் தோலில் வழிந்தால் சுடும். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான். தலை குளிப்பதற்கு முன் தேய்த்தால், முடியிலிருந்து புரதம் குறைவாக வெளியேறுகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். எண்ணெய்க்கு ஒரு நாள். சூட்டுக்கு வேறொரு நாள்.

கருவியில் சூட்டின் அளவைக் காட்டும் எண் இருக்கும். பல கருவிகள் 230 டிகிரி வரை போகும். மருந்து போட்ட முடிக்கு 150 போதும். எப்படியும் 180-ஐத் தாண்டக்கூடாது. எண் காட்டாத கருவியை மருந்து போட்ட தலைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல். சூட்டைத் தாங்க உதவும் கிரீம் அல்லது ஸ்பிரே கடைகளில் கிடைக்கும். அதை முதலில் தடவிக் காயவிட வேண்டும். பிறகு முடியைச் சிறு சிறு கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்திலும் ஒரே தடவை இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தக்கூடாது. மார்கனின் ஊசி துணியைக் கருக்கியதும் உரசலின் சூட்டால்தானே?

புதிதாக வளரும் முடி சுருட்டையாகவே வரும். அதற்கு மட்டும்தான் மறுபடி மருந்து போட வேண்டும். பழைய இடத்தில் இரண்டாம் முறை போட்டால் ஒடியும். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று மாதம் போக வேண்டும். மருந்துகளில் பல ஜாதி உண்டு. ஒன்று போட்ட தலையில் வேறொன்று போட்டால் முடி மொத்தமாகப் போகலாம். முன்பு என்ன போட்டோம், எப்போது போட்டோம், சாயம் போட்டோமா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்லரில் காட்ட வேண்டும்.

தோல் சுட்டுவிட்டால் மஞ்சளோ பற்பசையோ அப்ப வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். சூடான கருவி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஆற வேண்டும்.

கடைசி வருஷங்கள்

1943-ல் மார்கனைக் கண் நோய் பிடித்தது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனாலும் யோசிப்பதை அவர் விடவில்லை. 1963 ஜூலை 27-ந் தேதி, 86-ம் வயதில், கிளீவ்லாந்தில் காலமானார்.

அவர் மறைந்து ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 28-ந் தேதி, வாஷிங்டன் நகரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் திரண்டு சம உரிமை கேட்டார்கள். அந்தக் காட்சியைக் காண மார்கன் இல்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கறுப்பின இளைஞர்கள் பலர் சுருள் முடியை நிமிர்த்தாமல், அப்படியே வளர்த்துத் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

பதக்கம் கொடுக்க மறந்த நகரம் பிற்காலத்தில் தவறைத் திருத்திக்கொண்டது. கிளீவ்லாந்தில் ஒரு குடிநீர் நிலையம் இன்று மார்கனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்த ஏரிக்கு அடியில் அவர் உயிரைப் பணயம் வைத்து இறங்கினாரோ, அந்த ஏரியின் தண்ணீர்தான் அங்கே சுத்தமாகி வீடுகளுக்குப் போகிறது.

சுசீந்திரத்தில் கொதித்த நெய் இன்று இல்லை. மேஜை மேல் ஸ்டிரைட்னர் இருக்கிறது. அதற்கும் ஆள் தெரியாது, அழகு தெரியாது. தொட்டதைச் சுடும். எப்போது நிறுத்த வேண்டும் என்பது அதைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் தெரிய வேண்டும்.

தேர் நாளில் ஒரு வீட்டுப் பெண் முடியை நிமிர்த்தி வரலாம். இன்னொரு வீட்டுப் பெண் சுருட்டையோடு வரலாம். இரண்டு தலையிலும் பிச்சிப்பூ மணக்கும். பூவைத் தாங்க முடி இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.